மலைப்பாதை வண்டியும் பின்னச்சு எண்ணெயும்

சேஷாசல மலையின் அடிவாரத்திலுள்ள திருப்பதியிலிருந்தும், அதன் தெற்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கும் சித்தூர் வட்டாரத்திலிருந்தும் நாள்தோறும் பல ஜீப் வகை வண்டிகள் கடமையின் பொருட்டுக் காட்டுப்பாதைகளில் செல்கின்றன. செம்மரக் காடுகளைக் காவல் புரிவோர், பலமநேரிப் பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயத்தில் யானைகளின் நடமாட்டத்தைக் கவனிப்போர், மலையடிக் கிராமங்களுக்கு மருந்தும் விதையும் கொண்டு செல்வோர் ஆகிய அனைவருக்கும் வண்டியே கால்களாக உதவுகிறது. அந்தக் கால் நடுக்காட்டில் ஒடிந்தால், அன்றைய பணி நின்றுபோவதுடன் ஊழியர்களின் உயிருக்கும் ஆபத்து நேரக்கூடும்.

வண்டி புறப்படுமுன் எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் நீர், டயர்களின் காற்று ஆகியவற்றைச் சோதிப்பது பெரும்பாலான ஓட்டுநர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் பின்சக்கரங்களுக்கு நடுவில், வண்டியின் வயிற்றுக்கு அடியில், உருண்டை வடிவமாகத் தொங்கும் இரும்புக் கூட்டினைக் குனிந்து பார்ப்பவர் சிலரே. பட்டறைகளில் ‘கிரௌன்’ என்று வழங்கப்படும் இக்கூட்டினுள்தான் டிபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு இருக்கிறது. ஜீப்பின் அளவுள்ள வண்டிகளில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரையிலான எண்ணெயே அதற்குத் துணை. அவ்வெண்ணெயை எப்பொழுது, எவ்வாறு மாற்றவேண்டும் என்பதையும், இம்மலைப் பகுதியில் அதற்குத் தனிக் கவனம் ஏன் தேவை என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

டிபரன்ஷியலின் வேலை

திருமலைக்குச் செல்லும் முதல் மலைப்பாதை 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 36 வளைவுகள் உள்ளன. 1974-இல் இரண்டாவது பாதை அமைந்த பின்னர், ஏறுவதற்குப் புதிய பாதையும் இறங்குவதற்குப் பழைய பாதையும் பயன்பட்டு வருகின்றன. கொண்டை ஊசி போன்ற ஒரு வளைவில் வண்டி முற்றிலும் திரும்பும்போது, வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட நீண்ட தூரம் உருளவேண்டும். எவ்வளவு நீண்ட தூரம்? இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள அகலத்தை 3.14 ஆல் பெருக்கினால் விடை கிடைக்கும். வளைவு அகன்றதாயினும் குறுகியதாயினும் இந்த வேறுபாடு மாறுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லீஸ் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அதன் சக்கரங்களுக்கிடையே உள்ள அகலம் சுமார் 1.24 மீட்டர். ஆகவே அரைவட்ட வளைவு ஒவ்வொன்றிலும் வெளிச்சக்கரம் சுமார் 3.9 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்று, அதிகமாக உருளவேண்டும். இரு சக்கரங்களும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால், ஒன்று தரையில் தேய்ந்து வழுக்கியே தீரும். டயர் தேயும், அச்சு முறுக்குண்ணும், வண்டி திரும்ப மறுக்கும்.

இந்த இடையூற்றை நீக்குவதே டிபரன்ஷியலின் பணியாகும். பிரான்சு நாட்டுப் பொறிவல்லுநர் ஒனேசிபோர் பெக்கூர் என்பவர் நீராவி வண்டி ஒன்றின் பொருட்டு இவ்வமைப்பிற்கு 1828-இல் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் நுனியில் ‘பினியன்’ என்னும் சிறு பல்சக்கரம் இருக்கிறது. அது ‘கிரௌன்’ என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. போர்க்கால ஜீப்பில் பினியனுக்கு 8 பற்கள், கிரௌனுக்கு 39 பற்கள். தண்டு ஏறக்குறைய 4.88 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். வேகம் குறையும் அளவிற்கு முறுக்கு விசை பெருகுகிறது. கிரௌனுடன் சேர்ந்து சுழலும் பெட்டியினுள் உள்ள சிறு பல்சக்கரங்கள், இரு பக்கத்து அச்சுகளும் தத்தம் தேவைக்கேற்ற வேகத்தில் சுழல இடங்கொடுக்கின்றன.

இவ்வமைப்பில் ஒரு குறையும் உண்டு. சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சமமான முறுக்கு விசையையே அளிக்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழன்றால், கெட்டித் தரையிலுள்ள மற்றச் சக்கரத்திற்கும் அச்சிறு விசையே கிட்டும், வண்டி நகராது. அந்நேரத்தில் ஓட்டுநர் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால், உட்பெட்டியின் சிறு சக்கரங்கள் தம் ஊசித்தண்டின்மீது மிக வேகமாகச் சுழன்று சூடேறும். சேற்றில் ஐந்து நிமிடம் சக்கரத்தைச் சுழலவிடுவது, சாலையில் செல்லும் நெடுந்தூர ஓட்டத்தைவிட எண்ணெயைக் கெடுக்கவல்லது. கல்லும் கிளையும் இட்டுப் பிடிப்பு உண்டாக்குவதே அறிவுடைமை.

பற்களுக்கிடையே எண்ணெய்

முற்காலத்து வண்டிகளில் பினியனின் அச்சு கிரௌனின் மையத்திற்கு நேராக அமைந்திருந்தது. 1920-களின் பிற்பகுதியில் பினியனைச் சற்றுக் கீழே தாழ்த்தி வைக்கும் ‘ஹைபாய்டு’ முறை மோட்டார் வண்டிகளில் வழக்கிற்கு வந்தது. இதனால் பற்கள் பெரிதாகி வலுப்பெற்றன, ஓசையும் குறைந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல், நீளவாட்டில் வழுக்கவும் தொடங்கின. பெரும் அழுத்தமும் வழுக்கலும் ஒன்றுசேரும் இடத்தில் சாதாரண எண்ணெயின் மென்படலம் பிதுங்கி விலகிவிடும். இரும்பு இரும்பைத் தொடும்.

இதனைத் தடுக்கவே ஹைபாய்டு எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. பற்கள் உரசிச் சூடேறும் இடத்தில் இச்சேர்மங்கள் இரும்போடு வினைபுரிந்து, எளிதில் வழுக்கக்கூடிய ஒரு மெல்லிய தோலை உண்டாக்குகின்றன. அத்தோல் தேயத் தேய மீண்டும் உண்டாகிறது. கியர் எண்ணெயின் கடுமையான மணம் பெரும்பாலும் இக்கந்தகத்தினால் ஏற்படுவதே.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு தவறான எண்ணங்கள் பரவியுள்ளன. எண் 90 கியர் எண்ணெய், எண் 40 எஞ்சின் எண்ணெயைவிட இரு மடங்கு கெட்டியானது என்று கருதுவது முதலாவது. இவ்விரண்டிற்கும் அளவுகோல்களே வேறு. கியர் எண்ணெய் 90-இன் கெட்டித்தன்மை, எஞ்சின் எண்ணெய் 40 அல்லது 50-இன் கெட்டித்தன்மைக்கு ஏறத்தாழ ஒத்ததே. ஆயினும் எஞ்சின் எண்ணெயில் ஹைபாய்டு பற்களுக்கு வேண்டிய சேர்மங்கள் போதிய அளவில் இல்லை. எல்லாக் கியர் எண்ணெயும் ஒன்றே என்பது இரண்டாவது எண்ணம். டப்பாவின்மேல் ஜி.எல்.-5 என்று குறித்த எண்ணெய் ஹைபாய்டு அச்சுக்கு ஏற்றது. அதனையே கியர் பெட்டியிலும் ஊற்றினால், சில பெட்டிகளிலுள்ள பித்தளை வளையங்களுக்குக் கேடு விளையலாம். ஆகவே வண்டியின் கைப்புத்தகம் எந்தப் பகுதிக்கு எதனைக் கூறுகிறதோ அதனையே அப்பகுதிக்கு இடவேண்டும்.

நீர் உட்புகும் விதம்

எண்ணெயை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுக என்று கைப்புத்தகம் விதிக்கிறது. சமவெளிச் சாலைகளுக்கு அவ்விதி போதுமானது. சித்தூர், திருப்பதி வட்டாரங்களிலோ கிலோமீட்டர்க் கணக்கைக் காட்டிலும் நீர்க் கணக்கே முக்கியமானது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இப்பகுதியை நனைக்கிறது. தெலுங்கு மக்கள் ‘வாகு’ என்றும் ‘வங்க’ என்றும் அழைக்கும் ஓடைகள், ஆண்டின் பெரும்பகுதி வறண்ட மணலாகக் கிடந்து, மழை பெய்த சில மணி நேரத்தில் பெருக்கெடுக்கின்றன. பொன்முகலி எனத் தமிழர் வழங்கும் சுவர்ணமுகி ஆறும் அவ்வியல்புடையதே. 2021 நவம்பரில் பெய்த பெருமழையின்போது திருப்பதி நகர வீதிகளிலேயே வெள்ளம் புகுந்து வாகனங்கள் நீரில் நின்றதையும், திருமலைப் பாதைகள் மூடப்பட்டதையும் பலர் நினைவில் வைத்திருப்பர்.

மலையிலிருந்து கீழ்க்கியரில் இறங்கிவந்த ஒரு வண்டியை எண்ணிப் பாருங்கள். இறக்கத்தில் சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. ஏற்றத்தில் பற்களின் ஒரு முகம் சுமை தாங்கியது போல, இப்பொழுது மறுமுகம் தாங்குகிறது. எனவே இறங்கும்போதும் டிபரன்ஷியலுக்கு ஓய்வில்லை. எண்ணெயும் கூட்டிலுள்ள காற்றும் சுமார் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருக்கின்றன என்று கொள்வோம். அடிவாரத்தில் ஓடை குறுக்கிடுகிறது. வண்டி அச்சளவு நீரில் இறங்குகிறது. கூடு சடுதியில் 30 டிகிரிக்குக் குளிர்கிறது. அடைபட்ட காற்று குளிரும்போது தன் கன அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கவேண்டும். கூட்டிலும் அச்சுக் குழாய்களிலும் 3 லிட்டர் காற்று இருந்தால், அரை லிட்டர் இடத்தை வெளியிலிருந்து ஏதேனும் ஒன்று வந்து நிரப்பியாக வேண்டும்.

அதற்கெனவே கூட்டின் மேற்புறத்தில் ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. அது நீர்மட்டத்திற்கு மேலே திறந்திருந்தால் காற்று உட்புகும், தீங்கில்லை. சேற்றினால் அடைபட்டிருந்தாலோ, உறிஞ்சும் விசை சீல் எனப்படும் எண்ணெய்த் தடுப்பு வளையங்களின் ஓரமாக நீரை உள்ளே இழுக்கும். துளையே நீரில் மூழ்கியிருந்தால் அத்துளை வழியாகவே நீர் நுழையும். எண்ணெய் வெளியே ஒழுகாததனால் நீரும் உள்ளே வராது என்று எண்ணுவது தவறு. சீல்கள் எண்ணெயை உள்ளே நிறுத்துவதற்காக அமைந்தவை. வெளியிலிருந்து வரும் நீரை முற்றிலும் தடுக்கவல்லன அல்ல.

உட்புகுந்த நீர் எண்ணெயோடு கடையப்பட்டு மோர் நிறக் குழம்பாகிறது. அக்குழம்பு பற்களுக்கிடையே நிலைத்து நில்லாது. வண்டி நிற்கும்போது நீர் தாங்கிகளின் உருளைகளில் துருவை உண்டாக்கும். துருவேறிய இடம் குழியாகும், குழி பெருகி ஓசையாகும், ஓசை முறிவில் முடியும். ஓடையைக் கடந்த நாளுக்கும் முறிந்த நாளுக்கும் இடையே பல வாரங்கள் கழிந்திருக்குமாதலால், உண்மைக் காரணம் எவருக்கும் புலப்படுவதில்லை.

ஆகையால், அச்சு மூழ்கும் அளவு நீரில் வண்டி இறங்கினால், மைல்கணக்கு எதுவாயினும் அடுத்த இரண்டொரு நாட்களுக்குள் பின்னச்சு எண்ணெயைச் சோதிப்பது கடமையெனக் கொள்ளவேண்டும். நிலைத்த ஆழமற்ற நீரைக் கடக்குமுன்னும் சிறிது நேரம் வண்டியை நிறுத்தி அச்சினை ஆறவிடுவது நன்று. பெருக்கெடுத்தோடும் வெள்ளத்தில் எக்காரணம் கொண்டும் இறங்கலாகாது. மூச்சுத்துளையில் ஒரு ரப்பர்க் குழாயை இணைத்து, அதன் மறுமுனையை வண்டியின் உடற்பகுதியில் உயரமான இடத்தில் பொருத்திவிடுவது செலவு குறைந்த நல்ல ஏற்பாடாகும்.

எண்ணெய் மாற்றும் முறை

வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டிவந்து, சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய் எளிதில் வடிவதோடு, அடியில் படிந்த துகளையும் உடன் கொண்டுவரும். கை சுடும் அளவிற்குச் சூடு இருந்தால் சற்றுப் பொறுக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைவது உயிருக்கு ஆபத்து.

கூட்டில் இரண்டு திருகு மூடிகள் இருக்கும். பக்கவாட்டில் சற்று உயரத்தில் இருப்பது நிரப்பு மூடி. அடியில் இருப்பது வடிமூடி. இரண்டையும் சுற்றியுள்ள மண்ணைக் கம்பித் தூரிகையால் நீக்கித் துணியால் துடைக்கவேண்டும். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தாலும் செய்த வேலை வீணாகும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விதி: முதலில் நிரப்பு மூடியைத் திறக்கவேண்டும். அது திறந்த பின்னரே வடிமூடியைத் தொடவேண்டும். பல ஆண்டுகள் திறக்கப்படாத நிரப்பு மூடி துருவேறி அசைய மறுப்பது உண்டு. அதனை அறியாமல் எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டால், புதிய எண்ணெய் கையிலிருந்தும் ஊற்ற வழியின்றி வண்டி அசையாப் பொருளாகிவிடும். பட்டறை வாசலில் இது சிறு தொல்லை. தலகோனாக் காட்டின் நடுவில் இது பெரும் விபரீதம். மூடி அசையாவிடில் துருவிளக்கும் எண்ணெய் இட்டு ஓர் இரவு ஊறவிடுக. அளவு பொருந்திய சாவியையே பயன்படுத்துக. உளியால் அடித்துத் திறக்க முயன்றால் மூடியின் முனை மழுங்கும்.

பின்னர் அகன்ற பாத்திரத்தை வைத்து வடிமூடியைக் கழற்றி, சொட்டு நிற்கும் வரை எண்ணெயை வடியவிடுக. சில வண்டிகளில் வடிமூடி இராது. அவற்றில் கூட்டின் பின்தகட்டைக் கழற்றவேண்டும். மேல் போல்ட்டுகள் இரண்டினைத் தளர்த்தி மட்டும் விட்டு, ஏனையவற்றை எடுத்தால், தகடு அடிப்புறம் விலகி எண்ணெய் ஒழுங்காக வடியும். தகட்டை மீண்டும் பொருத்துகையில் பழைய காஸ்கெட்டினை முற்றிலும் சுரண்டி நீக்கிப் புதியது இடுக.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் வழக்கத்தைக் கைவிடுதல் நலம். அதில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிப் புதிய எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர் கலந்திருந்ததாயின், உரிய தரத்து எண்ணெயையே நிரப்பிச் சிறிது தூரம் ஓட்டி, அதனையும் வடித்துவிட்டு மறுமுறை நிரப்புவதே சரியான முறை.

வடிமூடியைத் துடைத்து, வாசரைப் பார்த்துத் தேவையாயின் மாற்றி, அளவோடு இறுக்குக. பின்பு கைப்பம்பு கொண்டு நிரப்பு வாயின் கீழ்விளிம்பைத் தொடும் வரை எண்ணெய் செலுத்துக. வண்டி சாய்ந்து நின்றால் இம்மட்டம் பொய்யாகும். மேலும் ஊற்றுவதில் நன்மையில்லை. மிகுதியான எண்ணெய் நுரைத்துச் சூடேறி, அச்சுக் குழாய் வழியே சீலைத் தாண்டிப் பிரேக் டிரம்மிற்குள் கசியும். எண்ணெய் தோய்ந்த பிரேக், 36 வளைவுகள் கொண்ட இறக்கத்தில் என்ன விளைவிக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை. மூச்சுத்துளை அடைபட்டாலும் உள்ளழுத்தம் ஏறி இதே விபத்து நேரலாம். ஆதலால் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் மூச்சுத்துளையையும் சுத்தம் செய்க. இறுதியில் சிறிது தூரம் ஓட்டிவந்து, கசிவு உண்டா என்று பார்த்து, வண்டி ஆறிய பின் மட்டத்தை மறுபடி சோதிக்கவேண்டும்.

பழைய எண்ணெய் கூறும் செய்தி

வடித்த எண்ணெயை உடனே அப்புறப்படுத்தாமல், வெள்ளைத் துணியில் சிறிது தோய்த்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். தெளிந்த பழுப்பு நிறம் நல்ல நிலையைக் காட்டும். மோர் நிறம் நீருக்கு அடையாளம். கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால், மிகுந்த சுமையோ குறைந்த எண்ணெயோ சூட்டை உண்டாக்கியது என அறியலாம். வடிமூடியில் காந்தம் இருக்குமாயின், அதில் மைபோல் ஒட்டிய சாம்பல் நிறத் தூள் இயல்பான தேய்மானமே. விரலில் தட்டுப்படும் செதில்களும் பல்லின் துணுக்குகளும் கிடைத்தால், புதிய எண்ணெய் ஊற்றி மறைக்க முயலாமல் கூட்டினைப் பிரித்துப் பார்க்க ஏற்பாடு செய்க.

வண்டிப் பதிவேட்டில் தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் தரம், அளவு ஆகியவற்றோடு, பழைய எண்ணெயின் நிறத்தையும், இடையில் கடந்த நீர்நிலைகளையும் ஒரு வரியில் குறித்துவைத்தால், அடுத்து வரும் ஓட்டுநருக்கு அது பெரும் உதவியாகும்.

கழிவு எண்ணெயை மண்ணிலோ ஓடையிலோ கொட்டலாகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கப்படவேண்டிய பொருள். சேஷாசலக் காடுகள் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. காட்டைக் காக்கச் செல்லும் வண்டியே காட்டு நீரைக் கெடுப்பது பொருந்தாது.

ஆசிரியர்களுக்கு

மேற்கூறியவற்றை வகுப்பில் விளக்கச் செலவு தேவையில்லை. 2 மீட்டர் நீளமுள்ள ஒரு கழியின் இரு முனைகளையும் இரு மாணவர் பிடித்துக்கொண்டு, மைதானத்தில் அரைவட்டமாகத் திரும்பட்டும். இருவர் நடந்த கோடுகளையும் கயிற்றால் அளந்தால், வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் வேறுபாடு சுமார் 6.3 மீட்டராகவே இருப்பதைக் காண்பர். அடுத்து, ஒரு கண்ணாடிப் புட்டியை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, பின் அதன் வாயைக் குளிர்ந்த நீரில் கவிழ்த்துப் பிடிக்கட்டும். புட்டி ஆற ஆற நீர் தானே மேலேறும். ஓடையில் இறங்கிய அச்சினுள் நடப்பது இதுவே.

மழைக்காலம் நெருங்கும்போது, நிரப்பு மூடி இலகுவாகத் திறக்கிறதா, மூச்சுத்துளை அடைபடாமல் இருக்கிறதா என்ற இரண்டை மட்டுமேனும் ஒவ்வொரு வண்டியிலும் பார்த்துவிட்டால், மழை நாளில் காட்டுக்குள் சென்ற ஊழியர்கள் வீடு திரும்புவதில் ஐயமிராது. இதற்குப் பதினைந்து நிமிடமும் ஒரு சாவியும் போதும்.